குழாய் உடைந்தபோது சிரித்த மாப்பிள்ளை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கே அனைவரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஈர வேட்டியோடு உட்கார்ந்துகொண்டு அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். அத்தானுக்கு உடம்பு தேவலையா?

விஷயம் என் மகளின் கல்யாணம். வெளிநாட்டில் தன்னோடு வேலை பார்க்கிறவரைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவள் சொன்னபோது, "அந்த நாட்டுக்காரங்களுக்குச் சும்மா உட்காரவே தெரியாதுடா, கண்ணை மூடிக்கிட்டுக் குடு" என்றது நீங்கள்தான். மாப்பிள்ளை போன வாரம் நம் வீட்டில் தங்க வந்தார். நம் ஆட்கள் சோம்பேறிகள், எதற்கும் 'பார்த்துக்கலாம்' என்று சிரிக்கிறவர்கள் என்று உலகமே சொல்கிறது, மானம் போகக்கூடாது என்று வீட்டையே தலைகீழாக்கினேன். பகல் தூக்கத்துக்குத் தடை போட்டேன். என் மனைவி கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். பென்ஷன் வாங்குகிற நான் விடியும் முன்னே எழுந்து, நன்றாக இருந்த ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்தேன். அது ஒட்டிக்கொண்டு இப்போது திறக்க மறுக்கிறது. மாப்பிள்ளையோ நாற்காலியில் சாய்ந்து எல்லாவற்றுக்கும் புன்னகைக்கிறார். நம் மொழியில் அவர் கற்று வந்த ஒரே வார்த்தை 'பார்த்துக்கலாம்'. இன்று காலை சமையலறைக் குழாய் சொட்டியது. பிளம்பரைக் கூப்பிட்டால் நாளைக்கு வருகிறேன் என்பார், அது இன்னும் கேவலம் என்று நானே திருகினேன். குழாய் கையோடு வந்துவிட்டது. வாசலில் இருக்கும் வால்வை மூட ஓடி, நான் வழுக்கி விழுந்து எழுவதற்குள் தண்ணீர் கூடத்துக்கே வந்துவிட்டது. அக்கா, மாப்பிள்ளைக்குத் தொழிலே குழாய் வேலை. அவர் காலை மட்டும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, "பார்த்துக்கலாம்" என்றார்.

எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இப்படிப்பட்டவரிடம் என் ஒரே மகளை எப்படி ஒப்படைப்பேன்? ஒரு கஷ்டம் என்று வந்தால் அவள் தனியாகத்தானே நிற்பாள்? இந்தக் கல்யாணம் வேண்டாம். அவளிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை, நீங்கள் வந்து பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசி. அத்தானிடம் என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
மனம் நொந்த தம்பி

பி.கு.: மகள் இப்போதுதான் அழுத கண்ணோடு வந்தாள். "அப்பா, உங்களுக்கு அவரைப் பிடிக்கலையான்னு கேக்கறார். அவங்க பக்கம் வீட்டு ஆளுங்ககிட்டதான் வேலை சொல்வாங்களாம். விருந்தாளி தானா கை வெச்சா வீட்டுக்காரருக்கு அவமானமாம். வந்ததுலேர்ந்து நீங்க ஒரு வேலைகூடச் சொல்லலையே." நாமெல்லாம் கவலையே படாமல் சிரிக்கிற ஜனங்கள் என்று அவருடைய ஆட்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பாவம், நம்மைப்போலவே இருக்கவேண்டும் என்று வாய் வலிக்கச் சிரித்திருக்கிறார். எழுந்துபோய் ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். மேலே எழுதியதை மறந்துவிட்டு நல்ல தேதியாகப் பாருங்கள். இதற்குமேல் எழுத நேரமில்லை. மாப்பிள்ளை என்னை வந்து டார்ச் பிடிக்கச் சொல்கிறார்.