ஒரு கோளாறும் இல்லாத கர்ப்பிணி தேவை

“எல்லாம் நல்லா இருக்குன்னா அப்புறம் எதுக்கு டாக்டர் ஸ்கேனு?” என்று மாமியார் கேட்டதும், கட்டிலில் ஏறப்போன மருமகள் காலைக் கீழே வைத்துவிட்டாள்.

நார்மல் டாக்டர் ஜெல் பாட்டிலோடு ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்த பெயர் அது. கோளாறில்லாத கர்ப்பிணிகளின் தொப்புள்கொடியில் ரத்தம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று அளப்பது அவளுடைய ஆராய்ச்சி. ஊரெல்லாம் நோயாளியைத் தேடும்போது இவள் மட்டும் நோயில்லாதவளைத் தேடி வார்டு வார்டாக நாயாய் அலைந்தாள். இன்னும் ஒரே ஒருத்தி பாக்கி. இன்றைக்குக் கிடைக்காவிட்டால் பட்டம் அடுத்த வருஷம்தான்.

“நல்லா இருக்கறதாலதாம்மா பார்க்கறோம்.”

“அப்ப நல்லா இல்லாதவங்களை?”

“அவங்க எனக்கு வேண்டாம்.”

மாமியார் மருமகள் பக்கம் திரும்பினாள். “ஏதோ மறைக்கறாங்கடி.”

மருமகள் அழத் தொடங்கினாள். பிரஷர் பார்த்தால், ஏறியிருந்தது. பிரஷர் ஏறினால் நார்மல் இல்லையே! தைரியம் சொல்லட்டும் என்று டாக்டர் தன் ஆராய்ச்சிப் பேராசிரியரைக் கூட்டிவந்தாள். பெரிய டாக்டரே ஓடி வருகிறார் என்றால் சும்மாவா? பிரஷர் இன்னும் ஏறியது. மருமகளின் புருஷனை வரவழைத்தாள்.

“என்ன ஆச்சு? உண்மையைச் சொல்லுங்க!” என்று அவன் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான்.

“கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்துட்டுக் கூட்டிட்டு வாங்கம்மா” என்று மாமியாரிடம் கெஞ்சினாள் டாக்டர்.

ஷிப்ட் மாறி வந்த நர்ஸ் ஒருவழியாகக் கூப்பிட்டாள். “அந்த அம்மாவோட மருமகளைப் படுக்க வச்சாச்சு டாக்டர். பிரஷர் கச்சிதமா இருக்கு.”

டாக்டர் பாய்ந்தாள். அறை இருட்டு. அவளுக்கு வயிறு தெரிந்தால் போதும். எவள் முகத்தையும் அவள் நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்ததுதான் தாமதம், திரையில் ரத்த ஓட்டம் அச்சில் வார்த்தது போல வந்தது. குழந்தைகூட அசையாமல் ஒத்துழைத்தது.

பேராசிரியர் சொக்கிப்போனார். “இதுதாம்மா நார்மல்! முதல் பக்கத்துல போடு. நோய் இருந்தா இப்படி வருமா? என் கண்ணுக்குப் பார்த்த உடனே தெரிஞ்சுடும்.”

டாக்டருக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே ஓடி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க மருமக நல்லா இருக்கணும். அவளாலதான் நான் பிழைச்சேன்.”

“அவளை அப்பவே வீட்டுக்கு அனுப்பிட்டேனே! நல்லா இருக்கறவளுக்கு எதுக்கு ஸ்கேனு? உள்ள படுத்திருக்கறது என் பெரிய மருமக, சர்க்கரைக்கு ஊசி போட்டுக்க வந்தவ!”