குமாஸ்தா ஆன மகாராஜா

"இன்னும் ஒரே வாரத்துல, இந்தப் படக்கதைகளுக்காக ஜனங்க கதவையே உடைப்பாங்க!" என்று நூலகத்தின் நடுவில் நின்று அறிவித்தார் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். அதுவரை அவர் அளந்த கதைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், உச்சிக்குப் போகவே ஒரு லிஃப்ட் வேண்டும்.

"கதவா? தாழ்ப்பாள்கூட அசையாது," என்றார் தலைமை நூலகர். "திங்கக்கிழமை லாரி வரும். மொத்தத்தையும் பழைய பேப்பருக்கு ஏத்திடுவேன்."

கவுன்ட்டரில் வேலை பார்க்கும் மெக்கானிக்கின் மகளுக்கு முகம் சுண்டியது. ஜப்பானிய வேற்றுலகப் படக்கதைகளுக்கென்று அவள் ஒரு வருடம் மன்றாடி வாங்கிய அலமாரி அது.

"அப்பா இருக்கேன்ல, விடும்மா," என்று தலையணை தடிமனில் ஒரு புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார் மெக்கானிக்.

மறுநாள் பூங்கா பெஞ்சில் பென்ஷன்கார நண்பர்களைக் கூட்டினார்.

"ஒரு மகாராஜாய்யா! டிராகனே அவர் காலடியில வாலைச் சுருட்டிக்கிட்டுக் கிடக்கு. ஆனா நாளாக நாளாக கிரீடம் போச்சு, படை போச்சு. கூட இருந்தவனே 'நீங்க யாரு?'ன்னு கேக்கறான்."

"நம்ம கதைதான்," என்று மூக்கை உறிஞ்சினார் முன்னாள் வங்கி மேனேஜர்.

"கேளுய்யா! கடைசியில பொட்டல்காட்டுல ஒண்டியா நிக்கறார். எங்கிருந்தோ ஒரு லாரி. டமால்! பாத்தா ஆபீஸ்! மேஜை, நாற்காலி, மலை மாதிரி ஃபைல். அதிகாரி திட்டறார். அடுத்து, அடையாள அட்டையை மாட்டிக்கிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடறார். சுபம்!"

வங்கி மேனேஜர் அழுத அழுகையில் பூங்காப் புறாக்கள் மொத்தமும் பறந்துவிட்டன. "திட்டறதுக்கு ஒரு அதிகாரி! இதைவிட சொர்க்கம் உண்டாய்யா?"

மாலைக்குள் அலமாரி வழித்துத் துடைத்தாற்போலக் காலி. மகளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அப்படி என்னப்பா சொன்னீங்க?"

கவுன்ட்டரில் சாய்ந்து முழுக்கதையையும் மறுபடி சொன்னார். அறைக் கதவருகே தலைமை நூலகர் இருமுவது கேட்டது. மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஐயோ அப்பா! அது வலது பக்கத்துலேருந்து படிக்கற புத்தகம். நீங்க முடிவுலேருந்து படிச்சிருக்கீங்க! குமாஸ்தாதான் லாரியில அடிபட்டு, வேற உலகத்துல ராஜா ஆகறான். புதுசா படிக்கறவங்க சொக்கிப் போறதே அதுக்குத்தான்!"

"அதான் பதில் முன்னாடியும் கேள்வி பின்னாடியும் வந்துச்சா! நம்ம வீட்டுலயும் அப்படித்தானே, எனக்கு வித்தியாசம் தெரியல."

மனசாட்சி உறுத்தவே ஓடிப்போய் நண்பர்களிடம் உண்மையைச் சொன்னார். வந்தது வினை.

"ஆபீஸை விட்டுட்டுப் போற கதையா? அதைப் பண்ணிட்டுத்தானே நாங்க பெஞ்சுல உக்காந்திருக்கோம்!"

சனிக்கிழமை, திரும்பி வந்த புத்தகங்கள் கூரையை முட்டின.

"எந்தப் பக்கத்துலேருந்து வேணாலும் படிக்கலாம் சார்," என்று கெஞ்சினாள் மகள்.

"அப்ப எந்தப் பக்கமும் உருப்படி இல்லைன்னு அர்த்தம்," என்று வங்கி மேனேஜர் தம்முடையதையும் வைத்துவிட்டுப் போனார்.

தலைமை நூலகர் மீசைக்குள் சிரித்தபடி எல்லாவற்றையும் சரக்கறையில் போட்டுப் பூட்டி, இருந்த ஒரே சாவியை மகளிடம் நீட்டினார். "லாரிக்காரன் வந்தா நீயே திறந்து விடு."

"இங்கயும் லாரிதானா," என்று முனகினார் மெக்கானிக்.

திங்கட்கிழமை காலை அப்பாவும் மகளும் வந்து பார்த்தால், சரக்கறைக் கதவு கீலோடு பெயர்ந்து கிடந்தது.

"சொன்னேனா! கூட்டம்!" என்று குதித்தார் மெக்கானிக். "ஐம்பது பேரா, ஐந்நூறு பேரா?"

உள்ளே, சட்டையெல்லாம் மரத்தூளாக, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார் தலைமை நூலகர். மடியில் அந்தத் தலையணைப் புத்தகம். இடது பக்கத்திலிருந்து முக்கால்வாசி புரட்டியிருந்தார்.

வெளியே லாரி ஹாரன் அடித்தது.

"அவனைப் போகச் சொல்லும்மா," என்றார். பிறகு மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"கூட்டமெல்லாம் இல்லைங்க, ஒரே ஆள்தான். ஆனா நீங்க சொன்னபடி கதவை உடைச்சது நிஜம். அடுத்த மாசம் எனக்கு ரிடையர்மென்ட்... அந்த ராஜாவுக்குக் கண்டிப்பா ஆபீஸ் கிடைச்சுடும் இல்ல?"