நீலப் பெட்டியும் ஆறு சனிக்கிழமைகளும்

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால் இப்போது படி ஏறுகிறது என்று கேள்விப்பட்டு மிக்க மகிழ்ச்சி. டாக்டர் சொன்னபடி அக்கா உங்களை நடக்க வைக்கிறார்கள் என்றும், நீங்கள் நடப்பது போல் பாவனை செய்கிறீர்கள் என்றும் நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகம், கடையும் சுகம். நலம் விசாரித்தாகிவிட்டது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மச்சான், எனக்கு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். முப்பத்தொரு வருஷம் அரசாங்க ஆபீசில் உட்கார்ந்து, 'முடியாது' என்ற ஒரே வார்த்தையை இரண்டு பக்கத்துக்கு நீட்டி, வாங்கிப் படித்தவன் நன்றி சொல்லிவிட்டுப் போகும்படி எழுதியவர் நீங்கள். அந்த மாதிரி ஒன்று வேண்டும். வளர்ப்புப் பெற்றோராக இருக்க நானும் உங்கள் தங்கையும் கொடுத்த விண்ணப்பத்தை வாபஸ் வாங்குகிறோம் என்று குழந்தைகள் நல அலுவலகத்துக்கு எழுத வேண்டும். எங்களோடு இப்போது இருக்கும் சின்னப் பெண்ணின் மேல் ஒரு துளிக் குறையும் வரக் கூடாது. எல்லாவற்றையும் என் தலையில் போடுங்கள். வியாபார நெருக்கடி, வயது, ரத்த அழுத்தம், எது உங்கள் ஆபீசில் நன்றாக ஓடுமோ அது. போனில் சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் தங்கைக்கு இது தெரியாது, அவள் காதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாடி வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டே, கீழே கடையில் நான் யாரிடம் என்ன பொய் சொன்னேன் என்று ஒப்பிப்பாள். இன்னும் பத்தே நாளில் அதிகாரி அம்மா வருகிறார். அந்தப் பெண் வளர்ந்து பெரியவளாகும்வரை எங்களோடு இருப்பதா, வேறு குடும்பத்துக்குப் போவதா என்று அன்றைக்கு முடிவாகும். அதற்கு முன்னால் நாமே கௌரவமாக விலகிக்கொள்வது நல்லது. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் உண்மையான காரணத்தை நீங்கள் ஒழுங்காக மறைத்து எழுத முடியும்.

மகள் வேலைக்கென்று வேறு ஊர் போனபின் மாடி அறை காலியாகக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். சொந்த வீட்டில் இருக்க முடியாத பிள்ளைகளைக் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று நூலகத்து வாசலில் ஒட்டியிருந்த நோட்டீசை உங்கள் தங்கை படித்துவிட்டு வந்தாள். சரி என்றேன். ஒரு பெண்ணை வளர்த்து ஆளாக்கியவன், எனக்கென்ன தெரியாது? அவர்கள் வந்து ஜன்னலை எண்ணினார்கள், அடுப்படியைப் பார்த்தார்கள், எங்கள் முகத்தையும் பார்த்தார்கள். பிறகு ஆறு சனிக்கிழமை பயிற்சி என்றார்கள். இருபத்திரண்டு வருஷம் பயணப் பெட்டியும் பையும் விற்று, எங்கேயும் போகாதவனுக்குக்கூட மூன்று பெட்டி விற்றவன் நான். எனக்குப் பயிற்சி! நூலகத்து மாடியில் ஒரு ஹால், பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகள். உட்கார்ந்தேன். எழுந்தபோது நாற்காலியும் என்னோடு எழுந்தது. பயிற்சி கொடுக்கும் அம்மாவுக்கு நம் மகளைவிட வயது குறைவாக இருக்கும். கண்ணாடி போட்டவர், குரலை உயர்த்தவே மாட்டார். ஏதாவது சந்தேகம் இருக்கிறதா என்றார். புது ஏஜென்சி எடுக்கும் எந்த வியாபாரியும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன். "ஒத்து வரலேன்னா எத்தனை நாளைக்குள்ள திருப்பி அனுப்பணும்?"

ஹாலில் எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் எல்லாம் நின்றுவிட்டன. உங்கள் தங்கை தன் குட்டி நாற்காலியை என்னிடமிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அந்த அம்மா கோபப்படவில்லை. "இதே கேள்வியை மனசுல வெச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொரு குழந்தையும் உங்க வீட்டுக்குள்ள வரும்" என்று சொல்லிவிட்டு, எட்டு வயதில் உங்கள் மகள் எதற்குப் பயந்தாள் என்று தெரிந்துகொண்டு வாருங்கள் என்று எனக்கு மட்டும் வீட்டுப்பாடம் கொடுத்தார். தெரியாதென்று சொல்லக் கூச்சப்பட்டு மகளுக்குப் போன் போட்டேன். "உங்களுக்குத்தாம்பா. கடைய மூடிட்டு மேல வர்ற செருப்புச் சத்தத்துக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு நாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

இரண்டாவது சனிக்கிழமை நடிப்பு. தூங்க மறுக்கும் பிள்ளையாக நான், தாயாக உங்கள் தங்கை. ஒன்பது மணிக்குப் படு என்று ஆரம்பித்தவளைப் பேரம் பேசிப் பேசிப் பதினொன்றரைக்குக் கொண்டுவந்தேன், கூடவே டிவியும். வகுப்பே கை தட்டியது. பயிற்சி அம்மா என் தாளில், 'பிள்ளையாக இருக்கும் தகுதி முழுமையாக உள்ளது' என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாவது வாரம், கோபமாக இருப்பவரிடம் வாதாடாதீர்கள், அவர் மனதில் இருப்பதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள் என்ற பாடம். நல்ல சரக்காகத் தெரிந்தது. மறுநாளே கடையில் பிரயோகம் செய்தேன். ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர் எங்களிடம் வாங்கிய தோள்பையின் ஜிப் பல்லை இளித்துவிட்டது என்று திருப்பிக் கொடுக்க வந்தார். வழக்கமாக நான் வாய் திறப்பதில்லை, தலைக்கு மேல் இருக்கும் போர்டைக் காட்டுவேன். 'வாங்கிச் சென்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்பட மாட்டாது.' நீங்கள் எழுதிக் கொடுத்த வாசகம்தான். அன்றைக்கு, போர்டையும் காட்டி, "உங்களுக்கு ஏமாந்துட்டோம்னு வருத்தமா இருக்கு, இல்லையா?" என்றும் கேட்டுத் தொலைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய மனநிலையை ஆயுளில் யாரும் விசாரித்ததில்லை போலிருக்கிறது. அன்றிலிருந்து தினம் சாயங்காலம் பையோடு வருகிறார், என்ன உணர்கிறார் என்று சொல்கிறார், ஜிப்பைக் காட்டுகிறார், நான் போர்டைக் காட்டுகிறேன், சத்தம் போட்டுவிட்டுப் போகிறார். பயிற்சியால் எனக்குக் கிடைத்த ஒரே வாடிக்கையாளர் இவர்தான்.

இப்படி இருக்கையில், பயிற்சி பாதியில் நிற்கும்போதே, அவசரம், வேறு இடமில்லை, கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்து, அவள் முன்னாலேயே எங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். ஒல்லியான உருவம், நேர் பார்வை. எதைக் கேட்டாலும் ஒரே பதில், "பார்க்கலாம்." சாப்பிடுகிறாயா? பார்க்கலாம். இந்த அறை பிடித்திருக்கிறதா? பார்க்கலாம். அந்தச் சொல்லோடு எனக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம் மச்சான். கடையில் எல்லாப் பெட்டியையும் இறக்கிப் பார்த்துவிட்டு 'பார்க்கலாம்' என்று படி இறங்கியவர் ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை. சரி, அது கிடக்கட்டும். அவள் உடைமையெல்லாம் குப்பை போடுகிற கறுப்புப் பிளாஸ்டிக் பை இரண்டில் வந்து இறங்கியது. பை வியாபாரியின் வீட்டு வாசலில் குப்பைப் பை! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே கீழே போய், கடையிலேயே உசத்தியான பெட்டி, நீல நிறம், நாலு சக்கரம், நம்பர் பூட்டு, கண்ணாடிக்குள் வைத்திருந்ததை எடுத்துவந்து அவள் முன்னால் நிறுத்தினேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எப்பப் போகணும்?" என்று கேட்டாள்.

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "பத்து வருஷத்துக்குச் சக்கரத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். கேள்வி எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

அன்றைக்கே துணிமணி எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினாள், பூட்டினாள், கட்டில் பக்கத்தில் கைப்பிடி வாசலைப் பார்த்திருக்கும்படி நிறுத்தினாள். சட்டை வேண்டுமென்றால் பூட்டைத் திறந்து ஒன்றை எடுத்து, மறுபடி பூட்டுவாள். நான் இந்தச் சமர்த்தைப் பெருமையாக நாலாவது சனிக்கிழமை வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன், நாற்காலியோடு. பயிற்சி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னிக்குப் பாடத்துக்கு ஒரு உதாரணம் தேடிக்கிட்டு இருந்தேன்" என்றார். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், வீடு வீடாக மாறி வந்த குழந்தைக்கு முதல் நாளே பெட்டி கொடுத்தால் அது என்னவென்று புரிந்துகொள்ளும் என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் கை தூக்கினார்கள். உங்கள் தங்கை இரண்டு கையையும் தூக்கினாள்.

சரி, செய்த தவறை வியாபாரியாகவே திருத்துவோம் என்று இறங்கினேன். பெட்டியைப் பிடுங்கக் கூடாது, அவளாக விட வேண்டும் என்று உத்தரவு. ஆகவே புது அலமாரி வாங்கினேன். உள்ளே காகிதம் விரித்தேன், கடைக் கண்ணாடிக்குள் போடுவது போலச் சின்ன விளக்குப் போட்டேன், ஹேங்கர்களை நிறவாரியாக மாட்டினேன். அவளை நிறுத்தி, எந்தத் தட்டில் எது வைக்கலாம், கதவு எவ்வளவு லேசாகத் திறக்கிறது என்று கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். பெட்டியைத் திறந்து காலுறை ஒன்றே ஒன்றை எடுத்து மேல் தட்டில் வைத்தாள். "பார்க்கலாம்" என்றாள். நான் உங்கள் தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் காலையில் அந்த ஒற்றைக் காலுறையும் பெட்டிக்குத் திரும்பிவிட்டது. ஐந்தாவது சனிக்கிழமை இதைச் சொன்னதற்கு அந்த அம்மா, "விக்காதீங்க சார். அலமாரியைத் திறந்து வெச்சுட்டு உங்க வேலையைப் பாருங்க" என்றார். விற்காமல் இருப்பது எப்படி என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

எங்களோடு அவள் அதிகம் பேசுவதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால், கடைக்கு இறங்கும் மாடிப்படியில் உட்கார்ந்து பாடம் எழுதுவாள். அதுவும் டிரில் மாஸ்டர் வரும் நேரமாகப் பார்த்து. நான் போர்டைக் காட்டி, இந்தக் கடையிலிருந்து போன சாமான் எதுவும் இருபத்திரண்டு வருஷத்தில் திரும்பி வந்தது கிடையாது என்று கத்துவேன். அப்போது மட்டும் அவள் பென்சில் நிற்கும். எங்கள் சண்டையில் இருக்கும் சுவாரசியம் எங்கள் பாசத்தில் இல்லை போலிருக்கிறது என்று உங்கள் தங்கையிடம்கூடச் சொன்னேன்.

நேற்று மனசு கேட்காமல் நானே கேட்டுவிட்டேன். "இங்கேயே இருந்துடறியா?"  "பார்க்கலாம்" என்றாள்.

அவ்வளவுதான் மச்சான். எனக்குப் புரிந்துவிட்டது. அதிகாரி அம்மா முன்னால் அவள் வேண்டாம் என்று சொல்லி, உங்கள் தங்கை அதைக் காதால் கேட்க வேண்டாம். இதை எழுதுகிறவனும் கேட்க வேண்டாம். இப்போதே அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரமானால், நான் வாடிக்கையாளரை விட்டுவிட்டுத் தெருவைப் பார்க்கிறேன். இது வியாபாரத்துக்கு ஆகாது. விவரம் தெரிந்த குடும்பமாக, முதல் நாளே பெட்டியைக் கையில் கொடுக்காத குடும்பமாகப் பார்த்து அவள் போகட்டும். இரண்டு பக்கத்துக்குக் குறையாமல், என் வயதை வேண்டுமானால் நாலைந்து கூட்டிப் போட்டு, எழுதி உடனே கூரியரில் அனுப்புங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். தங்கள் முழங்கால்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக நீண்ட காலம் நடந்து வர வேண்டும் என்று விரும்பும்,

தங்கள் அன்பு மைத்துனன்.

பி.கு.: கல்லாவில் உட்கார்ந்து உறைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் தடக், தடக் என்று சத்தம். நாலு சக்கரம் படி இறங்கும் சத்தம் எனக்குத் தெரியாதா?  கேட்காமலே கிளம்பிவிட்டாள் என்று நினைத்தேன். அவளோ படியிலிருந்து நேரே கடைக்குள் வராமல் தெருப்பக்கம் சுற்றி வந்து, வாடிக்கையாளர் மாதிரி, வழக்கம்போல் பையோடு வந்திருந்த டிரில் மாஸ்டருக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். அவர் வழிவிட்டார். பெட்டியைத் தூக்கிக் கல்லாவுக்கு முன்னால் வைத்தாள்.

"இதைத் திருப்பி எடுத்துக்குங்க."

பழக்க தோஷம், என் கை போர்டைக் காட்டிவிட்டது.

"படிச்சிட்டேன். வாங்கிட்டுப் போனவங்க திருப்பிக் கொடுக்கக் கூடாது. அதானே?"

"அதான்" என்றேன்.

"என்னையும் நீங்க கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கிக்கிட்டீங்க?"

டிரில் மாஸ்டர் தன் பையைக் கீழே வைத்தார். மச்சான், உங்களுக்கு எழுதிய கடிதம் என் கையில் இருக்கிறது, விரலெல்லாம் பசை. குழந்தைகளிடம் கையில் இல்லாததை வாக்குக் கொடுக்காதீர்கள் என்பது ஆறாவது சனிக்கிழமைப் பாடம். நல்ல வேளையாக அது நினைவுக்கு வந்தது. "அதிகாரி அம்மா வந்து உங்கிட்டயும் கேட்பாங்க, எங்ககிட்டயும் கேட்பாங்க. முடிவு அவங்க எடுக்கறது. ஆனா நானா உன்னைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன்" என்றேன்.

"அப்ப இந்தப் பெட்டி எனக்கு எதுக்கு?"

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, இந்தக் கடையிலிருந்து போன ஒரு சாமானைத் திருப்பி எடுத்தேன். வழக்கப்படி திறந்து சோதித்தேன். துணி ஒன்றும் இல்லை. அந்த ஒற்றைக் காலுறை மட்டும் மூலையில் கிடந்தது. இது என்ன என்றேன். "அது இருக்கட்டும். பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, கையை வீசிக்கொண்டு மாடி ஏறிப் போனாள். பெட்டியைக் கண்ணாடிக்குள் வைக்கவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால், காலுறையோடு, விற்பனைக்கு இல்லாமல் நிற்கிறது.

டிரில் மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "இப்ப நான் எப்படி உணர்றேன்னு சொல்லவா?" என்றார். அவருடைய பையையும் எடுத்துக்கொண்டேன், வேறென்ன செய்ய?

ஆகவே மேலே உள்ள எதையும் எழுத வேண்டாம். ஐந்து பக்கம் எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை என்பதால் அனுப்புகிறேன். படித்ததும் நீங்கள் கிழித்துவிடுங்கள், உங்கள் தங்கை கண்ணில் பட்டால் வெளியே போக வேண்டிய சரக்கு நான்தான். அதற்குப் பதிலாக, இந்தப் பெண்ணை நாங்களே வளர்க்கச் சம்மதம் என்று ஒன்று எழுதித் தாருங்கள். 'முடியும்' என்பதை உங்களுக்கு எழுதிப் பழக்கம் இருக்காது, ஒரே வரி போதும். டிரில் மாஸ்டர் இந்நேரம் தெரு முழுக்கச் சொல்லியிருப்பார், நாளைக்கு எத்தனை ஜிப் கடை வாசலுக்கு வருமோ தெரியாது. வரட்டும், வாங்கிக்கொள்கிறேன். போர்டை மட்டும் கழற்ற மாட்டேன். அதை நம்பி ஒருத்தி மாடியில் அலமாரி அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.