எங்கள் படுக்கையறை எந்த ஊராட்சியில்?

அன்புள்ள மைத்துனன் வெண்டலினுக்கு, அத்தான் ரூபெர்ட் எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா இர்ம்கார்டும் நலம். எந்த ஊராட்சியில் நலமாக இருக்கிறோம் என்பதில்தான் குழப்பம்.

வரும் ஞாயிறு எங்களுக்கு ஐம்பதாவது திருமண நாள். பொன்விழாத் தம்பதியின் வாசலுக்கு ஊராட்சித் தலைவர் பூக்கூடையோடு வருவதும், ஊர் பேண்டு வாசிப்பதும் நம் லிக்டன்ஸ்டைன் நாட்டில் உள்ள மரியாதை. அது உன் அக்காவுக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று எனக்கு நான்கு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

நாட்டின் பதினோரு ஊராட்சிகளையும் முப்பத்தாறு வருடம் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தியவன் நான். பதினோரு பேர் உள்ள வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஒருவனுடைய புத்தகம் அவன் மேசையில், பென்சில் அடுத்தவன் மேசையில், சாப்பாட்டு டப்பா ஜன்னலோரம். ஊராட்சிகளின் நிலமும் அப்படித்தான் துண்டுதுண்டாகக் கிடக்கிறது என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். இப்போது எனக்குத்தான் புரியவில்லை. எங்கள் வீட்டுச் சமையலறை மேல் ஊராட்சி. பின்னால் இழுத்துக் கட்டிய படுக்கையறை நிற்பது, புல்வெளிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கீழ் ஊராட்சித் துண்டில். மேல் ஊராட்சித் தலைவன் நோல்டிக்குப் போன் செய்தேன். என் பழைய மாணவன், புவியியலில் ஒருமுறைகூடத் தேறாதவன்.

"சார், நீங்க தூங்குறது கீழ் ஊராட்சியில. கல்யாண நாளுன்னா படுக்கையறைதானே சார் கணக்கு?" என்றான்.

கீழ் ஊராட்சித் தலைவி கெர்லிண்டேவும் என் மாணவிதான். "ஐயோ சார், அடுப்பு எங்க எரியுதோ அங்கதானே குடும்பம்! நோல்டி ஆளுங்க வாசிக்கற இடத்துல நாங்க வந்து ஊதினா சண்டையாயிடும்" என்று போனை வைத்துவிட்டாள்.

சரி, குழப்பத்தையே ஒழிப்போம் என்று கட்டிலைப் பிரித்துச் சமையலறையில் போட்டேன். "வயசான காலத்துல என்னை சூப் பானைக்குப் பக்கத்துல படுக்க வெச்சிட்டீங்களே, உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்று உன் அக்கா கேட்டாள். காரணத்தைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆச்சரியம் கெட்டுவிடுமே என்று, முதுகுவலி, கதகதப்பு வேணும் என்றேன். மறுபடி நோல்டிக்குப் போன் போட்டால், "கட்டில் வந்துடுச்சு சரி, துணி அலமாரி இன்னும் அந்தப் பக்கம்தானே சார்?" என்கிறான்! அதையும் தள்ளினேன், கதவிலேயே சிக்கிக்கொண்டது. பாதி மேலே, பாதி கீழே. என் சட்டை ஒரு ஊராட்சி, கால்சட்டை இன்னொரு ஊராட்சி.

நீ நில அளவை அலுவலகத்தில் இருப்பவன். பெரிய வரைபடத்தோடு ஞாயிறு காலையே வந்து, இரண்டு பேருக்கும் முன்னால் கோடு போட்டுக் காட்டிவிடு. உன் வீட்டில் எல்லோருக்கும் நல்ல உடம்பும், ஒரே ஊராட்சிக்குள் அடங்கும் வீடும் அமையட்டும்.

அன்புடன்,
ரூபெர்ட்

பி.கு.: உறை ஒட்டும் முன் உன் அக்கா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் போன் பண்ணி வராதீங்கன்னு சொன்னதே நான்தான். உங்ககிட்ட சொல்லாதீங்கன்னும் சொன்னேன். அம்பது வருஷத்துல ஒரு நாளாவது உங்க மாணவருங்க யாரும் இல்லாம, நீங்களும் நானும் மட்டும் உக்காந்து சாப்பிடணும்" என்கிறாள். ஆகவே வரைபடம் வேண்டாம். மன்னித்துக்கொள், நீயும் வரவேண்டாம். நீயும் என் வகுப்பில் படித்தவன்தானாம்.