திருமானூருக்கு அனுப்பிய பொக்கே

பெண் பார்க்கப் போன வீட்டில், பெண்ணை விட்டுவிட்டுக் கொல்லையைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் வரும் சங்கதிகளைப் படிக்கும்போது யாரும் புதிதாக அதிர்ச்சி அடைய வேண்டியிருக்காது.

சொந்த ஊர் எறையூர். அப்போது எனக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. கரும்பு வெட்டு முடிந்த கையோடு அப்பா எனக்குப் பெண் தேட ஆரம்பித்து, கோடை விடுமுறையில் எங்களைத் திருமானூருக்கு அழைத்துக்கொண்டு போனார். பெண் பெயர் இளவரசி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கேசரி, பஜ்ஜி எல்லாம் முடிந்ததும், "ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் பேசிட்டு வாங்க" என்று பெரியவர்கள் பெருந்தன்மை காட்டினார்கள்.

இளவரசிதான் ஆரம்பித்தார். "ஒங்களுக்கு என்னங்க புடிக்கும்?"

இந்தக் கேள்விக்கு மூன்று நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று பதில் தயாரித்திருந்தேன். ராத்திரி மழை, ஜன்னலோர இருக்கை என்று பெரிய பட்டியல். அத்தனையும் அந்த நொடியில் ஆவியாகிப் போனது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"இங்க டவர் கெடைக்குதுங்களா?"

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "கொல்லப்பக்கம் போனா கெடைக்கும்."

நான் போனேன். (ஆமாம், எழுந்து போனேன். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை என்று எங்கள் தெருவில் எனக்குப் பெயர்.) முருங்கை மரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு கோடும் முழுசாக வந்தது. திரும்பி வந்தால் ஐந்து நிமிடம் முடிந்து அப்பா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

காரில் ஏறியதும் அப்பா தன் கொள்கையை அறிவித்தார். "பொண்ணு புடிச்சிருக்குன்னு ஒடனே சொல்லிடக் கூடாது. அலையிறானுவன்னு நெனச்சுப்பாங்க. ஒரு வாரம் ஊறட்டும்."

எனக்கோ பெண்ணை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அந்தப் பெண்ணுக்கு என்னைப் பிடிக்க ஒரு காரணமும் மிச்சம் வைக்காமல் வந்திருக்கிறேன் என்பதும் தெரிந்தது. ஒரு மன்னிப்பாவது கேட்க வேண்டும். அவர் நம்பர் என்னிடம் இல்லை. ஜாதகத்தோடு வந்த தாளில் வீட்டு விலாசமும் அவர் அப்பா நம்பரும்தான் இருந்தன.

சென்னையில் எங்கள் ஆபீஸில் எதற்கெடுத்தாலும் பொக்கேதான். வேலையில் சேர்ந்தால் பொக்கே, வேலையை விட்டு அனுப்பினால் அதைவிடப் பெரிய பொக்கே. ஆகவே நான் சகல ஊர்களுக்கும் பூ அனுப்புவதாகச் சொன்ன ஒரு வெப்சைட்டைப் பிடித்து, கண்ணாடி ஜாடியில் வெள்ளை லில்லியாக நிற்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, திருமானூர் விலாசம் போட்டு, கூடவே வைக்கும் அட்டைக்கு, "அன்று சரியாகப் பேசவில்லை, மன்னிக்கவும்" என்று எழுதி அனுப்பினேன். என் நாகரிகத்தை நானே மெச்சிக்கொண்டு ஒரு காபியும் குடித்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் பூ போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சம்பந்தம் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ நல்ல நேரத்தில் தட்டோடு போய்ப் பெண் தலையில் பூ வைத்துவிட்டால், அதன்பிறகு அந்தப் பெண்ணை வேறு யாரும் கேட்டு வர மாட்டார்கள். இது எனக்குத் தெரியாதா? என் அக்காவுக்குப் பூ வைத்தபோது பக்கத்தில் நின்று, தட்டிலிருந்த ஆப்பிளைத் திருடியவனே நான்தான். ஆனால் பொக்கே என்பதும் பூதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது ஆபீஸ் சாமான்.

ஒரு மணி நேரத்தில் போன் வந்தது.

"சார், அரியலூர்லேர்ந்து பூக்கடை பேசுறேன். ஒங்க ஆர்டர நம்மகிட்டதான் தள்ளி வுட்டுருக்காங்க. போட்டாவுல வாயத் தொறந்துகிட்டு ஒரு வெள்ளப் பூ நிக்கிதே, அது என்னா பூ சார்?"

"லில்லிங்க."

"அது நம்ம பக்கம் வராதுங்களே. சம்பங்கி போட்டுறவா?"

"சரி, போடுங்க."

"கண்ணாடி ஜாடியும் இல்ல சார். பித்தளத் தட்டு இருக்கு."

(இங்கேயாவது விழித்திருக்க வேண்டும்.)

"யாருக்கு சார் இது? கட தொறப்பா? பொறந்த நாளா?"

"இல்லண்ணே. பொண்ணு பாத்துட்டு வந்தோம். அந்தப் பொண்ணு வூட்டுக்கு."

மறுமுனையில் குரலே மாறிப்போயிற்று. சார் போய்த் தம்பி வந்தது.

"அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதா தம்பி! பொண்ணு வூட்டுக்குப் போற பூவுக்குப் போட்டா எதுக்கு? எங்கிட்ட வுட்டுடுங்க. எத்தன பொண்ணுக்கு நம்ம கட பூ போயிருக்கு! ஆமா, ஒங்க பக்கம் பொம்பளையாளுவ யாரும் வரலையா?"

"அதுக்குத்தானண்ணே ஆன்லைன்ல போட்டேன்."

"அதுவும் சரிதான், காலம் மாறிப்போச்சு. எம் பொஞ்சாதியவே அனுப்புறேன். கைராசிக்காரி. வியாழக்கெழம பத்தே முக்காலுக்கு மேல பதினொன்னே முக்காலுக்குள்ள முடிச்சுடுவோம்."

இவ்வளவு துல்லியமாக டெலிவரி நேரம் சொல்கிறார்களே, நம் ஊர்ப்பக்கம் எங்கேயோ போய்விட்டது என்று பெருமைப்பட்டேன். அது தினசரி காலண்டரில் போட்டிருக்கும் நல்ல நேரம் என்பது எனக்கு உறைக்கவில்லை.

வியாழக்கிழமை பதினொன்று ஐந்துக்கு, மீட்டிங்கில் இருந்தபோது, போனில் செய்தி வந்தது: 'உங்கள் மலர்கள் மகிழ்ச்சியுடன் ஒப்படைக்கப்பட்டன.' கீழே ஆதாரத்துக்கு ஒரு படம். பெரிதாக்கிப் பார்த்தேன்.

பொக்கேயைக் காணோம். ஏழு தட்டுகள் இருந்தன. வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய், பழம், கண்ணாடி வளையல், இன்னும் ஏதோ. நடுவில் நாற்காலியில் இளவரசி. பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்மணி அவர் தலையில் மல்லிகையும் கனகாம்பரமுமாக ஒரு சுமை பூவை ஏற்றிக்கொண்டிருந்தார். சுற்றிலும் தெருவே நின்று சிரித்தது. என் மன்னிப்பு அட்டை இருக்க வேண்டிய இடத்தில், ஜிகினா எழுத்தில் 'வாழ்க மணமக்கள்'. இளவரசி மட்டும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழிமுறை எதுவும் எழுதாமல் விடையை மட்டும் எழுதிவைத்த பையனைக் கணக்கு டீச்சர் பார்க்கும் பார்வை.

வெளியே ஓடிவந்து பூக்கடைக்குப் போன் போட்டேன்.

"எல்லாம் ஜாம்ஜாம்னு முடிஞ்சுது தம்பி! அட்டையில மன்னிப்புன்னு எழுதியிருந்தீங்க. நல்ல காரியத்துல அது என்னாத்துக்குன்னு நானே மாத்திட்டேன். வளையலு நம்ம கணக்கு. ஒங்க கல்யாணத்துக்கு எங்க கட மொய்யின்னு வச்சுக்குங்க."

அவரைத் திட்ட வாய் வரவில்லை. அவர் ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை. என்னைத் தவிர எல்லோருமே முறையாகத்தான் செய்திருந்தார்கள்.

அடுத்து பெரம்பலூரிலிருந்து அக்கா. "ஏன்டா, நான் என்ன செத்தா போயிட்டேன்? ஒரே தம்பி, நாமதான் பூ வைக்கணும்னு தீவாளிக்கு எடுத்த பொடவய மடிப்புக் கலைக்காம வச்சிருக்கேன்டா! எவளோ ஒருத்தி வந்து வச்சிட்டுப் போறாளாம்!"

"அக்கா, அது பொக்கேக்கா..."

"வையிடா போன!"

மூன்றாவதாக அப்பா. அவர் கத்துவார் என்று போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எங்க நிக்கிறேன் தெரியுமா? கொலசாமி கோயில்ல. ஒனக்குத்தான் பூ கேட்டுகிட்டு இருக்கேன்."

கெத்தாக ஒரு வாரம் ஊற வைத்தவர், யாருக்கும் சொல்லாமல் சாமியிடம் உத்தரவு கேட்கப் போயிருக்கிறார். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. இரண்டையும் வாழை நாரால் கட்டிச் சாமி முன்னால் போட்டு, பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். பூசாரி எடுத்து அப்பா கையில் கொடுத்த நிமிடம் பார்த்து இளவரசியின் அப்பா போன் செய்திருக்கிறார். "சம்மந்தி, பூ வந்து சேந்துருச்சுங்க. முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா சொந்தக்காரங்களயும் கூப்புட்டுருப்போமே!"

"பிரிச்சுப் பாத்தீங்களாப்பா?" என்றேன்.

"எப்புடிறா பிரிக்கிறது? செவப்பா இருந்துச்சுன்னா? தெருவே பாக்க அந்தப் புள்ள தலையில வச்ச பூவ நாம போயி எடுத்துட்டு வரதா? நாள பின்ன அத யாரு கேட்டு வருவா?" குரலைத் தாழ்த்தினார். "சாமிக்கே எதுக்கு சங்கடம்னு பொட்டலத்த அப்புடியே சட்ட சோப்புல போட்டுகிட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை என் மானத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சம்மதம் கேட்காமல், அவர் தலையில் ஒரு கல்யாணத்தைக் கட்டிவைத்துவிட்டேன். வேண்டாம் என்று இனி அவர் சொன்னால் பழி அவருக்குத்தான்.

அவர் அப்பா நம்பருக்கே போட்டேன். "மாப்ள!" என்று அலறி மகிழ்ந்து, போனை மகளிடம் கொடுத்தார்.

"நாந்தாங்க..."

"தெரியுது. டவர் கெடைக்குதா?"

(அந்த நேரத்திலும் கேட்டார்!)

"நான் பொக்கேதாங்க அனுப்புனேன். மன்னிப்புக் கேட்டுத்தான் அனுப்புனேன். அது இப்புடி ஆயிடுச்சு. ஒங்களுக்கு வேணாம்னா சொல்லிடுங்க. நானே திருமானூருக்கு வந்து, தெருவுல நின்னு, தப்பு என்னுதுன்னு எல்லாருகிட்டயும் சொல்றேன்."

பிறகு காற்றுச் சத்தமும் கோழிச் சத்தமும் கேட்டன. கொல்லைக்கு வந்துவிட்டார் என்று புரிந்தது.

"ஒங்க வூட்ல யோசிக்கிறதுக்கு ஒரு வாரம் எடுத்துப்பீங்க. நாங்க மட்டும் அஞ்சு நிமிஷத்துல சொல்லணுமா?"

"இல்லீங்க."

"எனக்கும் ஒரு வாரம் வேணும். அதுவரைக்கும் இந்த நம்பருக்குப் போன் பண்ணாதீங்க. பூவும் அனுப்பாதீங்க."

"சரிங்க."

"அந்தப் பூக்காரம்மாவுக்குக் கையி ரொம்ப அழுத்தம். மண்டையெல்லாம் வலிக்கிது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அந்த ஒரு வாரம் நான் ஊறியது போல எந்த ஊறுகாயும் ஊறியிருக்காது. ஆபீஸில் யாரோ வேலையை விட்டுப் போனார்கள் என்று பொக்கே வந்தது. அதைப் பார்த்ததும் கழிப்பறைக்கு ஓடினேன். சரியாக எட்டாம் நாள் இளவரசியே அப்பாவுக்குப் போன் செய்து ஒரே வாக்கியம் பேசியிருக்கிறார்: "ஒங்க பொண்ண வந்து பூ வைக்கச் சொல்லுங்க. அவங்க கையி மெதுவா இருக்கும்னு நெனைக்கிறேன்."

அக்கா தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு போய் இரண்டாம் முறை பூ வைத்தாள். பூக்கடை அண்ணன்தான் மண்டபத்துக்கும் பூ. வெப்சைட்காரன் இன்றுவரை விடாமல், 'எங்கள் சேவையை மீண்டும் பயன்படுத்துவீர்களா?' என்று கேட்டு அனுப்புகிறான். என் மனைவி அதற்குச் சம்மதிக்க மாட்டாள் என்று பதில் போட்டிருக்கிறேன்.

அந்தப் பொட்டலம் மட்டும் எறையூர் வீட்டு பீரோவில், பத்திரங்களோடு பத்திரமாக இருக்கிறது. ஊருக்குப் போகும்போது எனக்கும் இளவரசிக்கும் வாக்குவாதம் வந்தால் போதும், "மாமா, அந்தப் பொட்டலத்த எடுங்க, இன்னைக்குப் பிரிச்சுப் பாத்துடுவோம்" என்பாள். அப்பா உடனே, "சாவி எங்கன்னு தெரியலம்மா" என்பார். சாவி அவர் இடுப்பிலேயே தொங்கும். வீடே சிரிக்கும். வாதத்தில் தோற்றவன் நானாக இருப்பேன்.

போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தியபோது சாவி அதிலேயே இருந்தது. யாருமில்லை. ஆசை யாரை விட்டது? பொட்டலத்தை எடுத்தேன். பூசாரி கட்டிய வாழை நாரைக் காணோம். அதற்குப் பதிலாக நீல நூல். இளவரசியின் தையல் மெஷினில் ஓடும் அதே நூல், சீராக மூன்று சுற்று, நடுவில் கச்சிதமாக ஒரு முடிச்சு.

அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் குரல்.

"என்ன தேடுறீங்க?"

பொட்டலத்தைச் சட்டென்று உள்ளே வைத்தேன். மூன்று நாள் தயாரித்தாலும் எனக்கு வேறு பதில் வராது.

"டவர் கெடைக்குதான்னு பாத்தேன்."

"கொல்லப்பக்கம் போங்க" என்றாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

போனேன்.