கொட்டாய் வாசலில் ஒரு ஏழை

இலவசமாக எதையாவது கொடுக்க ஒருவர் வந்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். காரணம், கொஞ்ச காலம் நானே அந்த வேலையைப் பார்த்திருக்கிறேன்.

கல்லூரி முடித்த புதிது. காரவள்ளியில் அத்தாவின், அதாவது அப்பாவின், சிமெண்ட் கடையில் உட்காரப் பிடிக்காமல் (உட்கார விடமாட்டார், மூட்டை தூக்கச் சொல்வார்) கொல்லிமலையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். மலைமேல் குண்டூர் நாடு என்ற பகுதியில் ஒரு ஊருக்குத் தண்ணீர் மோட்டார் போட வேண்டும். பணம் தருகிற சென்னைத் தொழிலதிபர் நேரில் பார்க்க வருகிறார். "நல்லா கஷ்டப்படுற குடும்பமா காட்டு" என்றார் மேனேஜர்.

பாப்பாத்தி அக்காவைப் பிடித்தேன். தினமும் ஓடையிலிருந்து குடம் சுமப்பவர். ஒரே சிக்கல், அவருடையது கான்கிரீட் கூரை போட்ட புதுத் தார்சு வீடு. (தார்சு வீட்டில் இருப்பவருக்குத் தாகம் எடுக்காது என்பது என் கண்டுபிடிப்பு.)

"அக்கா, பழைய சீலை கட்டிக்கிட்டு அந்த ஓலைக் கொட்டாய் முன்னாடி நில்லுங்க. டி.வி.யையும் மூடி வெச்சிருங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, அது மாட்டுக் கொட்டாயிங்க. முன்ன ஒருத்தரு போர்வை குடுத்துப் போட்டோ புடிச்சாரு. அடுத்த எலெக்சன்ல நின்னாரு. நீங்க எந்தக் கட்சிங்க?"

"கட்சியெல்லாம் இல்லக்கா."

"அப்ப நெலம் வேணுமாக்கும்?"

சத்தியம் செய்தேன். நம்பவில்லை. எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று நடித்தே காட்டலாமென்று பின்னால் நகர்ந்தவன், மழையில் ஊறிக் கிடந்த சாணிக்குழிக்குள் இடுப்பளவு இறங்கிவிட்டேன்.

அக்காதான் இழுத்துப் போட்டார். அவர் சுமந்து வந்த தண்ணீரிலேயே குளித்தேன். கணவரின் கிழிந்த லுங்கியும் பொத்தானில்லாத சட்டையும் கிடைத்தன. "நாத்தம் போவுல சாமி, ஊட்டுக்குள்ள வராதீங்க" என்று கொட்டாய் வாசலிலேயே உட்கார வைத்து, மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் கொடுத்தார். காரத்தில் கண்ணீர் வழியத் தின்றுகொண்டிருந்தபோது தொழிலதிபரையும் மேனேஜரையும் ஏற்றிக்கொண்டு ஜீப் வந்து நின்றது.

தொழிலதிபர் தார்சு வீட்டைப் பார்த்து முகம் சுளித்தார். "இவங்களா ஏழை? என்னை ஏமாத்துறீங்களா?" பிறகு என்னைப் பார்த்தார். அப்படியே உருகிவிட்டார்.

"சாப்பிட்டு எத்தனை நாளாச்சுப்பா?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "மோட்டாரு வரோணுமா, வேண்டாமா? பேசாம இருங்க" என்று காதோரம் அக்காவின் குரல். என் மேனேஜரைப் பார்த்தேன். அவர் பலாமரத்தில் காய் எண்ணிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன். கேமரா மின்னியது.

மோட்டார் வந்தது. குழாயில் தண்ணீரும் கொட்டியது. அக்காவுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. அடுத்த தேர்தலில் அந்தத் தொழிலதிபர் பெயர் இருக்கிறதா என்று விசாரித்தாராம்.

எனக்குக் கிடைத்தது அவருடைய கம்பெனி கேலண்டர். ஜூன் மாதத்துக்கு மேலே என் முகம். கீழே 'பசியின் கண்கள்' என்று கொட்டை எழுத்து. அத்தா அந்தத் தாளைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டார். இன்றும் யாராவது நன்கொடை கேட்டு வந்தால் பெருமூச்சோடு அதைக் காட்டுகிறார்:

"எங்க பையனே இந்த நெலமையில இருக்கான். நாங்க எங்கீங்க குடுக்கறது?"