இறுக்கி அண்ணையின் சாய்வுளி

ஆக்லாந்தில் தமிழர் வீடுகளில் ஒழுகாத குழாய்கள் எல்லாம் ஒரே ஆள் இறுக்கியவை. அவற்றை வேறு யாராலும் திறக்கவும் முடியாது. மன்னாரிலிருந்து வந்த பிளம்பர். சொந்தப் பெயரைத் தன் வேனில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். ஆனாலும் சான்ட்ரிங்ஹாம் மளிகைக் கடையில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார்கள். இறுக்கி என்றால் உடனே நம்பர் கிடைக்கும்.

அவர் கைகொடுத்தால் பிறகு விரல்களை எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது. ஒருமுறை எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஊறுகாய் பாட்டிலை மூடி வைத்துப் போனார். ஒரு மாதம் நாங்கள் ஊறுகாய் இல்லாமல் சாப்பிட்டோம். அடுத்த முறை அவரே வந்து திறந்தார், தொட்டுக்கொண்டார், மறுபடியும் மூடிவிட்டுப் போனார்.

இப்படிப்பட்டவர் ஐம்பத்திரண்டு வயதில் மரம் கடையக் கிளம்பினார் என்றால் அதற்கு நாங்கள்தான் காரணம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து என் மனைவி உண்டாகியிருந்தாள். அதற்கு முன் இரண்டு முறை ஏமாந்திருந்தோம். அதனால் குழந்தை கைக்கு வரும்வரை ஒரு துணிகூட வாங்கக் கூடாது, தொட்டில் என்ற பேச்சே கூடாது என்று அவள் அம்மா ஊரிலிருந்து சொல்லியிருந்தார், அதில் உறுதியாக இருந்தாள். பிறந்த பிறகு எதில் படுக்க வைப்பது என்று கேட்டேன். அழுதாள். சிங்க்குக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்த இறுக்கி அண்ணை, படுத்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

“வாங்கத்தானே கூடாது தங்கச்சி? செய்யலாம்தானே.”

அவள் அழுகையை நிறுத்தி யோசித்தாள். செய்வதைப் பற்றி அவள் அம்மா எதுவும் சொல்லியிருக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் குழந்தையின் படுக்கை அவர் பொறுப்பாயிற்று.

தகனினி பக்கம் அவர் வீட்டுக் கராஜில் ஒரு பழைய கடைசல் மெஷின் வந்து உட்கார்ந்தது. இடித்த வீடு ஒன்றிலிருந்து ரிமு என்கிற இந்த நாட்டுச் சிவப்பு மரத்துண்டுகள் வந்தன. நாலு பக்கமும் அடைப்பதற்குப் பதினாறு கம்புகள் ஒன்றுபோல் கடைய வேண்டும். சாதாரண உளியால் சுரண்டிவிட்டு உப்புத்தாள் போட்டால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். இவர் கேட்கவில்லை. பிள்ளை வாய் வைக்கிற சாமானில் தூள் ஒட்டியிருக்கக் கூடாதாம். முனை சரிவாக வெட்டிய தட்டை உளி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஸ்க்யூ, எங்களுக்குச் சாய்வுளி. அது சரியாகச் சீவினால் மரம் பளிங்குபோல் வந்துவிடும், உப்புத்தாளே வேண்டாம். இம்மி பிசகினால் கூர்முனை மரத்தில் கொத்தி, கம்பைச் சுற்றிப் பள்ளம் விழும். பழகியவர்களே அதைக் கண்டால் ஒதுங்குவார்களாம்.

வெஸ்ட்கேட் பக்கம் ஒரு கடைசல் கிளப்பில் போய்ப் பாடம் கேட்டார். அங்கே சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரப் பெண்மணி, முனையைப் பார்க்காதே, மரத்தின் மேல் விளிம்பைப் பார், உளியைத் தளர்வாகப் பிடி என்று மூன்று வாரமாக இதையே சொன்னாராம். அண்ணை மனம் நொந்து திரும்பினார்.

“பார்க்கவும் கூடாதாம், பிடிக்கவும் கூடாதாம். பிறகென்னத்துக்குத் தம்பி உளி?”

அவருக்கு வேறு வழி இல்லை. முப்பது வருஷமாகக் குழாய் ரெஞ்சைப் பிடித்த கை அது. முக்கியமான வேலை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கும்.

சனிக்கிழமைக் காலைகளில் கவிழ்த்த பெயின்ட் வாளியில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கூரையில் மழை பெய்யும். மெஷின் தாலாட்டு மாதிரி ரீங்கரிக்கும். எப்போதாவது ஒரு சில நொடி உளி சரியாக அமையும். அப்போது சிவந்த சீவல் ஒன்று நீளமாக எழுந்து, சுருண்டு, காற்றில் நின்று, என் மடியில் வந்து விழும். எடுத்தால் எடையே இருக்காது, இளஞ்சூடு மட்டும் இருக்கும். அண்ணை கண்ணைப் பாதி மூடிவிடுவார். நானும் மூடுவேன். ஒரு குழந்தை எனக்கு முதுகு காட்டித் தூங்குவது தெரியும். முகத்தைப் பார்க்க எட்டிப் போவேன். அதற்குள் டக்கென்று உளி கொத்தும், கண்ணைத் திறந்தால் கம்பில் ஒரு பள்ளம் இருக்கும்.

அதோடு விட்டாலாவது பரவாயில்லை. பள்ளம் மறையும்வரை அந்தக் கம்பை மெலிய வைப்பார். பிறகு அதற்குப் பொருந்த மற்ற பதினைந்தையும் மெலிய வைப்பார். அதில் இன்னொன்று கொத்தும். மறுபடியும் பதினைந்து. கட்டைவிரல் பருமனில் தொடங்கியவை ஏழாம் மாதத்தில் சுண்டுவிரலாயின. அவர் கட்டிக் கொண்டுவந்து காட்டியதை என் மனைவி பார்த்தாள்.

“இது தொட்டிலா, ஊதுபத்திக் கட்டா? குழந்தை நடுவுல நடந்து வெளியே போயிரும்.”

எனக்குப் பயம் வந்துவிட்டது. யாருக்கும் சொல்லாமல் ஒரு கடையில் வெள்ளைத் தொட்டில் ஒன்றைப் பெட்டியோடு வாங்கிக் கார் டிக்கியில் ஒளித்து வைத்தேன். வாங்கக் கூடாதென்ற மனைவிக்கும் துரோகம், செய்துகொண்டிருந்தவருக்கும் துரோகம். அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் என்னால் கண்ணை மூட முடியவில்லை.

மூன்று வாரம் முந்தியே மகள் பிறந்தாள். தாயும் சேயும் நலம் என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அண்ணைக்கு போன் செய்தேன். ஒரே மூச்சில் பெட்டி விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.  

“கார்த் திறப்பு எங்க தம்பி?” என்றார். சமையல் அலமாரியில் மாற்றுச் சாவி இருக்கிறது, கார் வீட்டு வாசலில் நிற்கிறது, நாங்கள் டாக்ஸியில் வந்தோம் என்றேன். வீட்டுச் சாவி ஏற்கெனவே அவரிடம்தான் இருந்தது. போனை வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தபோது அண்ணைதான் கதவைத் திறந்தார். படுக்கையறையில் அந்த வெள்ளைத் தொட்டில் பொருத்தித் தயாராக நின்றது. முன்பக்கத்தில் ஒரு வெள்ளைக் கம்பியை மட்டும் அறுத்து எடுத்திருந்தார். அந்த இடத்தில் சிவப்பாக ஒரு ரிமு கம்பு, மற்றவற்றின் அதே பருமனில். தடவிப் பார்த்தேன். உப்புத்தாள் படாத மரம் விரலில் நழுவியது. ஒரு பள்ளம் இல்லை.

எப்படி வந்தது என்று கேட்டேன். சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

“நீர் போனில சொன்ன பிறகு சும்மாதான் மிஞ்சின துண்டொண்டை மாட்டி மெஷினைப் போட்டன். இனி ஒருத்தருக்கும் இது தேவையில்லை எண்டவுடன கை தானா இளகிட்டுது. ஒரே ஓட்டம் தம்பி. முடியுமட்டும் முனையைப் பார்க்கவேயில்லை.”

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் தொட்டிலைக் குனிந்து பார்க்கப் போய்விட்டார். என் மனைவி, வாங்கியது எப்போது என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குழந்தையை அவர் கையில் கொடுத்தாள்.

மகளுக்கு இப்போது பத்து மாதம். எழுந்து நிற்கத் தோன்றினால் வெள்ளைக் கம்பிகளை எல்லாம் விட்டுவிட்டு, எச்சில் ஒழுக, அந்தச் சிவப்புக் கம்பைத்தான் தேடிப் பிடிக்கிறாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். இந்த ஊரில் எழுந்து நிற்க எனக்கும் பிடிமானம் அவர்தான்.